வீட்டுப் பத்திரங்களுக்கு ஸ்கேனர் வாங்குமுன்



கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தோடு நமது அலுவலகத்துக்கு வருகிற பெற்றோர்களில் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். வீட்டிலேயே ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொள்ளலாமா, குறைந்த விலையில் எது நல்லது என்பதுதான் அது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தோம்.

கேள்வி எழுந்ததற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இருபது ஆண்டுக்கு முந்திய பட்டியலில் தாய் தந்தை பெயரைத் தேடவும், கேட்டால் காட்டுவதற்குச் சான்றுகளை எடுத்து வைக்கவும் வீட்டுக்கு வீடு தகரப் பெட்டிகள் திறக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூன் 6-ல் மத்திய அரசு தொடங்கிய உமீத் இணையதளத்தில் வக்ஃபு சொத்து விவரங்களை ஆறு மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று வந்தது. முத்தவல்லிகள் பள்ளிவாசல் அலமாரியில் இருந்த பத்திரக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பிரவுசிங் சென்டர்களுக்கு நடந்தார்கள். கெடு முடிகிற நாட்களில் அந்தத் தளம் திணறியது நாடறிந்த செய்தி. காகிதம் கையில் இருந்தும் அதைக் கணினிக்குள் கொண்டுபோக வழி தெரியாமல் தவித்த ஜமாஅத்துகள் உண்டு.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிப் பேசும் பகரா சூராவின் 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பது மக்தபில் ஓதும் பிள்ளைகளுக்கும் தெரியும். எழுதி வைப்பதில் நம் பெரியவர்கள் குறை வைக்கவில்லை. ஒலிமுகமதுபேட்டையானாலும் பெரிய காஞ்சிபுரத்தின் மற்றத் தெருக்களானாலும், வீட்டில் ஒரு பெட்டி இருக்கும். அதில் கிரயப் பத்திரம், பட்டா, பிள்ளைகளின் டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, தறிக்காரர் வீடானால் கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ் புத்தகம், நிகாஹ் சான்று எல்லாம் ஒரே மஞ்சள் பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். எழுதி வைத்ததைக் காப்பாற்றுவதில்தான் நமக்குக் கவனம் போதவில்லை. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில், அன்று நமது மாவட்டத்தில் இருந்த தாம்பரம், முடிச்சூர் பகுதிகளில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பைகள் நனைந்து கூழாயின. நகல் சான்றுகள் கொடுப்பதற்கென்றே அரசு தனி முகாம்கள் நடத்த வேண்டி வந்தது.

ஸ்கேன் செய்த படம் அசலுக்கு ஈடாகாது. அதைக் காட்டி வீட்டை விற்க முடியாது. ஆனால் அசல் தொலைந்தாலும் அழிந்தாலும், அந்தப் படத்தில் இருக்கும் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் ஆகிய மூன்றையும் வைத்துப் பதிவுத் துறையில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். அந்த எண் தெரியாதவர் ஆண்டுக் கணக்கில் வில்லங்கச் சான்று போட்டுத் தேட வேண்டும். சான்றிதழ்களுக்கும் இதே கதைதான். ஆகவே நமக்கு வேண்டிய கருவி, எண்ணும் முத்திரையும் கையெழுத்தும் ஐயமின்றித் தெரிகிற படத்தைத் தர வேண்டும். அதற்கு மேல் கொடுக்கிற பணம் வீண் விரயம்.

முதலில் காகிதத்தை அளந்து பாருங்கள்

கடைக்குப் போகுமுன் பெட்டியில் இருப்பதைப் பாயில் பரப்பி, ஒரு ஸ்கேலால் அளந்து பாருங்கள். வீட்டு ஸ்கேனர்கள் ஏறத்தாழ எல்லாமே ஏ4 அளவுக் கண்ணாடி கொண்டவை. அதாவது நீளவாக்கில் 29.7 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 11.7 அங்குலம். பள்ளிச் சான்றிதழ்களும் இ-சேவை மையத்தில் அச்சிட்டுத் தரும் சான்றுகளும் இதில் அடங்கும். முத்திரைத்தாள் அடங்காது. நாம் பத்திரம் எழுதும் தாள் லீகல் அளவில் 14 அங்குல நீளத்துக்கு வரும். இரண்டே கால் அங்குலத்துக்கு மேல் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிடும். பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து எங்கே இருக்கிறது? அடியில். தலைப்பை ஒட்டி வைத்து ஸ்கேன் செய்தால் வெட்டுப்படுவது அந்தக் கையெழுத்துத்தான். பிரவுசிங் சென்டர்களில் எடுத்த பத்திர நகல்களில் நாம் அடிக்கடி பார்க்கும் குறை இது.

இதற்காக ஏ3 கண்ணாடி உள்ள பெரிய ஸ்கேனரைத் தேட வேண்டாம். அதன் விலை ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. ஏ4 கண்ணாடியிலேயே மேல்பாதியை ஒரு முறையும் கீழ்ப்பாதியை ஒரு முறையும், நடுவில் நான்கைந்து வரிகள் இரண்டிலும் வரும்படி எடுத்து, இரண்டையும் ஒரே பிடிஎஃப் கோப்பில் அடுத்தடுத்த பக்கமாக வைத்தால் போதும். ஒட்டுப்போட்டு ஒரே படமாக்க வேண்டியதில்லை. ஒட்டிய இடத்தில் ஒரு வரி கோணினாலும் பார்க்கிற அதிகாரிக்குச் சந்தேகம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்திரத்தின் பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். சார்பதிவாளர் போட்ட முத்திரை, பத்திர எண், புத்தக எண், விரல் ரேகை எல்லாம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். முன்பக்கம் மட்டும் உள்ள நகலுக்குப் பதிவு எண் கிடையாது.

எத்தனை புள்ளி போதும்?

ஸ்கேனர் பெட்டிகளில் 2400 டிபிஐ, 4800 டிபிஐ என்று பெரிய எண்கள் அச்சிட்டிருக்கும். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகளாகப் பிரித்து எடுக்கிறது என்பதன் கணக்கு அது. ஜக்கார்டு வேலை தெரிந்த குடும்பங்களுக்கு இதை விளக்குவது சுலபம். சேலை பார்டரின் டிசைனை முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைகிறார்கள். கட்டம் பெரிதாக இருந்தால் மாங்காயின் வளைவு படிக்கட்டுப் போலத் தெரியும். கட்டம் நுணுகினால் வளைவு வழுவழுப்பாக வரும், ஆனால் அட்டையும் கூடும், வேலையும் கூடும். ஒரு அளவுக்கு மேல் நுணுக்கினால் சேலையில் வித்தியாசமே தெரியாது, செலவு மட்டும் தெரியும்.

எழுத்துக் காகிதத்துக்கு அந்த அளவு 300 டிபிஐ. ஏ4 தாள் ஒன்று 300-ல் சுமார் 87 லட்சம் புள்ளிகளாகிறது. 600-க்கு உயர்த்தினால் புள்ளிகள் இரண்டு மடங்காவதில்லை, நீளத்திலும் அகலத்திலும் இரட்டித்து நான்கு மடங்காகி மூன்றரைக் கோடியைத் தொடுகிறது. கோப்பும் அதற்கேற்பப் பெருக்கும், எடுக்கும் நேரமும் கூடும். மறுபுறம் 150-க்கு இறக்கினால் சின்ன எழுத்தில் மெய்யெழுத்துப் புள்ளிகள் கரைந்துபோகும். உர்தூ, அரபி எழுத்தில் நிலைமை இன்னும் மோசம். நுக்தா ஒன்று மறைந்தால் ஓர் எழுத்து வேறோர் எழுத்தாகிவிடும், ஆளின் பெயரே மாறிவிடும். ஆகவே சாதாரணக் காகிதத்துக்கு 300, பொடி எழுத்துக்கும் பழைய உர்தூக் கையெழுத்துக்கும் 400, பெரியவர்களின் சிறிய பழைய புகைப்படத்துக்கு 600 என்று வைத்துக்கொண்டால் போதும். 2400-க்கும் 4800-க்கும் நம் வீட்டில் வேலையே இல்லை. விற்பவர் அந்த எண்ணைச் சொல்லி இரண்டாயிரம் ரூபாய் கூடக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கருப்பு வெள்ளை என்ற முறையை மட்டும் தொடாதீர்கள். கோப்பு சிறிதாகும் என்று கடைக்காரர்கள் அதைத்தான் போடுவார்கள். ஊதா மையில் போட்ட வட்ட முத்திரை, நீல மைக் கையெழுத்து, ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு ஆகியவை அதில் ஒன்று கரும்புள்ளியாகும், இல்லையென்றால் காணாமலே போகும். எப்போதும் கலரில் எடுத்து வையுங்கள். சில அரசுத் தளங்கள் 200 கேபிக்கு மேல் ஏற்காது என்பது உண்மைதான். அதற்குத் தனியாக ஒரு சிறிய நகல் செய்துகொள்ளலாம். பெரிய படத்தைச் சிறிதாக்க முடியும். சிறியதாக எடுத்ததைப் பிறகு பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும்.

கருவிகளில் எது?

கண்ணாடி மீது தாளைக் கவிழ்த்து வைக்கிற தட்டை ஸ்கேனர்களில் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது கேனன் லைடு 300. ஐயாயிரம் ரூபாயை ஒட்டிய விலை, கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். தனி மின்சார இணைப்பு வேண்டாம், கணினியின் யுஎஸ்பி வயரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் சுமார் பத்து வினாடியில் எடுக்கும். லைடு 400, எப்சன் வி39 போன்றவை இதற்கு அடுத்த படி. புள்ளிக் கணக்கு அவற்றில் கூடுதல். காகிதம் மட்டும் எடுப்பவருக்கு 300-லிருந்து 400-க்குப் போவதில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வினாடி மிச்சமாகும், அவ்வளவே.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு கணினி வேண்டும். செல்போனோடு நேரடியாகப் பேசாது. இதைக் கேட்காமல் வாங்கிவிட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்த வீடுகள் உண்டு. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தால், அது இந்த வேலைக்குப் போதும். அதில் விண்டோஸ் பழையதாகி இழுத்துக்கொண்டு நின்றாலும், கூடவே இருந்த பாஸ் லினக்ஸையோ, புதிதாகப் போட்ட வேறு லினக்ஸையோ திறந்து, வீட்டுப் பிள்ளைகளில் யாராவது முயன்று பார்க்கலாம். பழைய ஸ்கேனர்கள் பலவற்றை லினக்ஸ் தானாகவே அடையாளம் காண்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம், பழைய ஸ்கேனரை ஆயிரம் ரூபாய்க்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால், கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் நம் கணினியில் அதை ஓட்டும் டிரைவர் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முந்திய நல்ல கருவிகள் சில, இன்றைய விண்டோஸுக்கு டிரைவர் இல்லாத ஒரே காரணத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

கணினி இல்லாத வீட்டில், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பிரிண்டரும் தேவைப்பட்டால், மை ஊற்றுகிற டேங்க் வகைப் பிரிண்டரோடு ஸ்கேனரும் சேர்ந்த கருவியைப் பார்க்கலாம். எப்சன் எல்3250, கேனனின் ஜி வரிசை, ஹெச்பியின் ஸ்மார்ட் டேங்க் எல்லாம் இந்த வகை. வைஃபை உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால் செல்போனுக்கே படம் வந்துவிடும். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஸ்கேனுக்காக மட்டும் இதை வாங்குவது புத்திசாலித்தனமில்லை. வாரத்துக்கு ஒரு பக்கமாவது அச்சிடாவிட்டால் மை காய்ந்து தலை அடைத்துக்கொள்ளும். மை தீர்ந்தால் ஸ்கேன் செய்யவும் மறுக்கிற மாடல்களும் இருக்கின்றன.

தாள்களைக் கற்றையாக வைத்தால் தானே இழுத்துக்கொள்ளும் ஏடிஎஃப் வசதியைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். அலுவலகங்களுக்கு அது நல்லது, ஒரே அளவான புதிய தாள்களுக்கு நல்லது. மடித்து மடித்து மடிப்பில் நைந்த 1960-களின் பத்திரத்தை உருளைக்குள் விட்டால் இரண்டு துண்டாக வெளியே வரும். வீட்டுப் பெட்டிக்கு அது வேண்டாம்.

செல்போனே போதுமா?

பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்பதே நமது கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணமான 12 மெகாபிக்சல் கேமரா நீளவாக்கில் 4000 புள்ளி எடுக்கிறது. 11.7 அங்குல ஏ4 தாள் அந்தச் சட்டத்தை நிரப்பினால் அங்குலத்துக்கு 340 புள்ளி வருகிறது. 14 அங்குல முத்திரைத்தாளுக்கும் 285 வரும். ஐயாயிரம் ரூபாய்க் கருவியில் அடங்காத பத்திரம், ஏற்கனவே கையில் இருக்கும் கருவியில் அடங்கிவிடுகிறது. வருடத்துக்கு இருபது முப்பது காகிதம் எடுக்கிற குடும்பம் தனியாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

எடுக்கும் முறைதான் சரியாக இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, வெயில் நேரே விழாத இடத்தில், கறுப்புத் துணி விரித்து அதன்மேல் தாளை வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே நின்றால் நம் தலையின் நிழல்தான் பத்திரத்தில் விழும். செல்போனைத் தாளுக்கு இணையாகப் பிடிக்கவேண்டும், சாய்த்துப் பிடித்தால் மேல்வரி பெரிதாகவும் கீழ்வரி சிறிதாகவும் வரும். இரண்டு பக்கமும் உயரமான புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு கண்ணாடித் தட்டையோ ஸ்கேலையோ குறுக்கே போட்டு அதன்மேல் செல்போனை வைத்தால் கை நடுங்காது. லேமினேட் செய்த அட்டைகள்தான் செல்போனுக்கு எதிரி. பளபளப்பில் ஜன்னலே படமாக விழும். அவற்றுக்கு மட்டும் தட்டை ஸ்கேனர் மேல்.

செயலி எது என்றால், ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவுக்குள்ளேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, ஐபோனில் குறிப்புகள் செயலியில் இருக்கிறது. இரண்டும் இலவசம். பலரும் இன்னும் பழக்கத்தில் கேம்ஸ்கேனர் என்றே சொல்கிறார்கள். 2019-ல் அதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கு செய்யும் நிரல் இருந்ததை காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து அதை இறக்கி, அதில் கிரயப் பத்திரத்தை எடுக்காதீர்கள்.

எண்களை ஒரு முறை வாசியுங்கள்

2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி ஆய்வாளர் ஒரு விந்தையைக் கண்டார். ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, அசலில் மூன்று அறைகளுக்கு மூன்று வெவ்வேறு பரப்பளவு இருந்தது. ஒன்று 14.13, மற்றவை 21.11, 17.42 சதுர மீட்டர். நகலில் மூன்றுமே 14.13 என்று இருந்தன. எழுத்து மங்கவில்லை, அச்சுப்போலத் தெளிவாக இருந்தது. கோப்பைச் சிறிதாக்குவதற்காக அந்த இயந்திரம், ஒன்றுபோலத் தெரிகிற எண் துண்டுகளை ஒரே துண்டாக எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே ஒட்டியிருந்தது. அந்த இயந்திரத்தைச் செய்த நிறுவனம், நாம் நகலுக்கே பெயராக வைத்திருக்கும் ஜெராக்ஸ். பிறகு அவர்கள் மென்பொருளைத் திருத்திக் கொடுத்தார்கள்.

நம் வீட்டுக் கருவி அப்படிச் செய்யும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தெளிவாகத் தெரிவதெல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்பதில்லை என்பதற்காகச் சொல்கிறோம். இப்போது செல்போன்கள் மங்கிய எழுத்தைத் தாமாகவே கூர்மையாக்கிக் காட்டுகின்றன. 3-ஆ 8-ஆ என்று நமக்கே சந்தேகமான இடத்தில் அவை ஏதோ ஒன்றை முடிவு செய்துவிடும். ஆகவே படத்தை அழகாக்கும் வசதிகளை அணைத்துவிட்டு, எடுத்தவுடன் அசலைக் கையில் வைத்துக்கொண்டு சர்வே எண், பத்திர எண், பிறந்த தேதி ஆகியவற்றை ஒருவர் வாசிக்க இன்னொருவர் படத்தில் பார்க்க வேண்டும். ஒரு பத்திரத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். பேரப்பிள்ளைகளை வைத்துச் செய்தால் அவர்களுக்கும் குடும்பச் சொத்தின் விவரம் தெரியவரும்.

படத்தை எடுத்தபின் பெயர் வைப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். செல்போன் தானாக வைக்கும் எண் பெயர்கள் பத்து நாளில் யாருக்கும் புரியாது. ஆண்டை முதலில் வைத்து, என்ன ஆவணம், யார் பெயரில் என்று எழுதினால் தாமாகவே வரிசையாக நிற்கும். செல்போனில் ஒன்று, பென் டிரைவிலோ கணினியிலோ ஒன்று, வேறு ஊரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ ஒன்று என மூன்று இடத்தில் வையுங்கள். டிஜிலாக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசுத் துறையே அதில் நேரடியாகத் தருகிற ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நாம் ஸ்கேன் செய்து அதில் ஏற்றி வைப்பது வெறும் நகல்தான். இரண்டும் ஒரே செயலிக்குள் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

கடைக் கணினியில் தங்கிவிடும் படங்கள்

வீட்டில் ஒரு கருவி இருப்பது நல்லது என்று நாம் சொல்வதற்கு விலையைவிடப் பெரிய காரணம் இதுதான். ஒரு கடையில் நாம் நின்றிருந்தபோது அந்தக் கணினியின் முகப்பிலேயே நூற்றுக்கணக்கான ஆதார் படங்கள் கிடந்தன. பெண்களுடையவையும் அதில் இருந்தன. கடைக்காரர் கெட்ட எண்ணம் கொண்டவரில்லை, அழிக்க நேரமில்லாதவர். ஆனால் அந்தக் கணினிமுன் நாளொன்றுக்கு எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முகவரி, பிறந்த தேதி, புகைப்படம் மூன்றும் சேர்ந்த ஒரு படம் யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. நம் வீட்டாரின் விவரங்கள் நம்மிடம் உள்ள அமானிதம். கடையில்தான் எடுக்க வேண்டியிருந்தால், வேலை முடிந்ததும் நம் கண்முன்னே கோப்பையும், ரீசைக்கிள் பின்னில் போய் விழுந்ததையும் அழிக்கச் சொல்லுங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தால் அங்கேயும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். முழு எண் தேவைப்படாத இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற முகமூடி ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக் கொடுக்கலாம்.

அண்ணன் தம்பிகள் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிற நம் தெருக்களில் வீட்டுக்கொரு ஸ்கேனர் தேவையே இல்லை. நான்கு வீடு சேர்ந்து ஒரு தட்டை ஸ்கேனர் வாங்கினால் தலைக்கு ஆயிரத்துச் சொச்சம். கணினி இருக்கிற வீட்டில் அதை வைத்து, ஒவ்வொருவரும் தம் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகலாம். கையாளத் தெரிந்த ஒருவராவது பெண்ணாக இருந்தால் வீட்டுப் பெண்கள் தயங்காமல் வருவார்கள்.

நிகாஹ் தப்தரும் பழைய நூல்களும்

ஜமாஅத் நிர்வாகிகளுக்குத் தனியாக ஒரு குறிப்பு. நிகாஹ் தப்தர் என்பது தடித்த, தைத்த, தாளைவிட நீளமான புத்தகம். மேலே சொன்ன மெல்லிய ஸ்கேனர்களில் உள்ள சிஐஎஸ் வகைக் கண், கண்ணாடியை ஒட்டிக் கிடக்கிற தாளை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். தையல் பக்கம் தாள் சில மில்லிமீட்டர் தூக்கி நின்றால் அங்கே எழுத்து மங்கிவிடும். வலமிருந்து இடமாக எழுதிய உர்தூப் பதிவில் வலப்பக்கத் தாளில் வரி முடிகிற இடமும், இடப்பக்கத் தாளில் வரி தொடங்குகிற இடமும் அந்தத் தையலை ஒட்டித்தான் வரும். தெளிவு வேண்டும் என்று முதுகை அழுத்தினால் தையல் விட்டுப்போகும்.

பழைய நூல்களையும் சுவடிகளையும் மின்படமாக்கும் நூலகங்கள் இதனாலேயே மேலிருந்து பார்க்கும் கேமராவைப் பயன்படுத்துகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994-ல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் தமிழ் நூல்களைப் பாதுகாத்து வருவதை அறிந்திருப்பீர்கள். அந்த அளவுக்குச் செலவு செய்ய நம்மால் ஆகாது. புத்தகத்தை நூறு டிகிரிக்கு மேல் விரிக்காமல், ஒரு பக்கத்துக்குத் தலையணை கொடுத்துத் தாங்கி, மறுபக்கத்தை மேலிருந்து செல்போனில் எடுத்தால் போதும். முதலில் வலப்பக்கம் முழுவதையும், பிறகு இடப்பக்கம் முழுவதையும் எடுத்தால் வேகமாக முடியும். உர்தூக் கையெழுத்தையும், சில வீடுகளில் இருக்கும் அரபுத்தமிழ் கிதாபுகளையும் கணினி தானாக வாசித்துத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அச்சுத் தமிழை கூகுள் டிரைவ் ஓரளவு எழுத்தாக மாற்றித் தருகிறது, பெயர்களில் பிழை விடுகிறது. தப்தருக்கு வேண்டியது ஆண்டு வாரியாக மணமக்கள் பெயர்ப் பட்டியல் ஒன்று. அதை உர்தூ வாசிக்கத் தெரிந்த ஹஜ்ரத்துகள் நம்மிடையே இருக்கும்போதே உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டுக்கோ வாரிசுச் சான்றுக்கோ நாற்பது வருடத்துக்கு முந்திய நிகாஹ் பதிவைத் தேடி வருகிறவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் முதலில் உதவும்.

ஸ்கேன் முடிந்துவிட்டது என்று அசலை லேமினேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் மேல் எழுத்து எழுதவும் முடியாது. மடிக்காமல், பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயரமான இடத்தில் வையுங்கள். ரேஷன் கடை, வங்கி இயந்திரம் தரும் வழுவழுப்பான சீட்டுகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் எழுத்து சில மாதங்களிலேயே வெளுத்துப்போகும். தேவையானவற்றை வந்த அன்றே படமெடுத்துவிட வேண்டும்.

நமது அலுவலகத்துக்கு ஸ்கேன் செய்யப் பத்திரம் கொண்டுவருபவர்கள் அது லீகல் அளவு என்றால் வரும்போதே சொல்லுங்கள், இரண்டு பாதியாக எடுக்க நேரம் ஒதுக்க வேண்டும். சொந்தப் பென் டிரைவ் கொண்டுவாருங்கள், படங்களை நம் கணினியில் வைத்துக்கொள்வதில்லை. நிகாஹ் தப்தரை மட்டும் யாரும் பள்ளிவாசலை விட்டு வெளியே எடுத்து வர வேண்டாம். நிர்வாகிகள் நாளைச் சொன்னால், செல்போனும் கறுப்புத் துணியும் இரண்டு தலையணையும் எடுத்துக்கொண்டு இன்ஷா அல்லாஹ் நாமே அங்கு வருகிறோம்.